தரையெல்லாம் பிசுபிசு... சுவரெல்லாம் பூஞ்சை!

பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் குடியிருப்பவரிடம், "வீடு கடலுக்குப் பக்கமா? கொடுத்து வெச்சவங்க சார் நீங்க!" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் துருப்பிடித்த ஜன்னல் கம்பி, பச்சை பூத்த பெல்ட், திறந்தால் 'குப்'பென்று அடிக்கும் பீரோ எல்லாம் இருக்கின்றன. ஐப்பசி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காலையில் பொரித்த அப்பளம் மத்தியானத்துக்குள் நமுத்துவிடும். ஈரப்பதம் அளக்கத் தனியாகக் கருவி எதற்கு? அப்பளமே போதும்!

உடனே நம்ம ஆட்கள் கடைக்கு ஓடுவார்கள். தரைக்கு ஒரு பாட்டில், டாய்லெட்டுக்கு ஒரு பாட்டில், கண்ணாடிக்கு ஒன்று, இத்தனையும் சேர்ந்து அடிக்கிற நெடியை மறைக்க ஒரு ஸ்பிரே! கடலோர வீட்டில் முதல் எதிரி அழுக்கு இல்லை சார், ஈரம். பாட்டிலைக் காட்டினால் ஈரம் பயந்து ஓடாது. இதைப் பாட்டில் விற்கிறவர் விளம்பரத்தில் சொல்லவும் மாட்டார்.

தரை ஏன் பிசுபிசுக்கிறது? கடல் காற்றோடு வருகிற உப்பு தரையில் மெல்லிசாகப் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு காற்றிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, தானே கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடியில் நடக்கிற அதே கூத்துதான். இது புரியாமல், 'எறும்பு வராது, திருஷ்டி கழியும்' என்று துடைக்கிற தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு போடுகிற வீடுகள் உண்டு. திருஷ்டி கழியுமோ என்னவோ, கால் ஒட்டும்! கடலோர போர் தண்ணீரே பல இடங்களில் உப்புதான். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டைமாடிக் குழாயிலிருந்து ஒரு டிரம் பிடித்து மூடி வையுங்கள் (மூடாவிட்டால் கொசு குடும்பம் நடத்தும்). கடைசித் தடவை அந்தத் தண்ணீரால் துடைத்தால் கறையும் இல்லை, பிசுக்கும் இல்லை. ஜன்னல் கம்பியையும் அப்படியே துடைத்து, காய்ந்தபின் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு இழுத்துவிட்டால் துரு தள்ளிப் போகும்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில்தான் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆறு மணிக்கு வீடு துடைத்தால் எட்டு மணிக்கும் காயாது. பத்து மணிக்கு மேல் துடைத்து ஃபேனைத் தட்டிவிடுங்கள்.

"அதெல்லாம் சரி, நாங்க இயற்கைக்கு மாறிட்டோம். எலுமிச்சம்பழமும் வினிகரும்தான்!" என்று சொல்லும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மொசைக் தரையிலும் கடப்பைக் கல்லிலும் புளிப்பு பட்டால் கல்லே அரிக்கும். பளபளப்பு போனால் திரும்ப பாலிஷ் போட ஆள் கூப்பிடணும். இன்னும் சிலர் வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து, நுரை பொங்குவதைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்கள். நான் படித்தது பி.காம். அந்தக் கணக்கில் சொன்னால், ஒன்று பற்று, இன்னொன்று வரவு. கலந்தால் இருப்பு பூஜ்யம். சோடாவை எண்ணெய்ப் பிசுக்குக்குத் தனியாகவும், வினிகரைப் பீங்கானில் படிந்த உப்புக் கறைக்குத் தனியாகவும் வைத்துக் கொள்ளுங்கள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று. டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு! 'இயற்கை' வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு கலந்தாலும் இதே கதைதான். ஜன்னல் இல்லாத பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு இதை முகர்வது பெரும்பாலும் நாம் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா. கையுறை கிடையாது, லேபிள் இங்கிலீஷில் இருக்கிறது. இருமிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போகிறார். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்கலாம். உள்ளே கழிவை மக்க வைப்பது பாக்டீரியா. அதையும் ஆசிட் ஊற்றிக் கொன்றால் கழிவுநீர் லாரிக்காரரைத்தான் அடிக்கடி கூப்பிடணும்.

பூஞ்சைக்கு வருவோம். காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். பூஞ்சைத் துகள் வீடு முழுக்கப் பறக்கும். மூச்சிரைப்புக் குழந்தை இருந்தால் ராத்திரி தூக்கம் போச்சு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன என்று பாருங்கள். பாத்ரூம் குழாய் கசியலாம், சன்ஷேடில் தண்ணீர் தேங்கலாம். கொத்தனார் வேலையைச் சோடா செய்யாது. சுண்ணாம்பு அடித்த பழைய சுவருக்கு இந்த வியாதி குறைவு. சுண்ணாம்பின் காரம் பூஞ்சைக்கு ஆகாது.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்று போகட்டும். உள்ளே பாச்சை உருண்டை போடும் வழக்கம் இருந்தால், கைக்குழந்தையின் துணியை அந்தப் பக்கமே கொண்டு போக வேண்டாம். 'ஜி6பிடி' என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடலாம். துணியில் கட்டிய வேப்பிலை போதும். ஆனால் நிழலில் சருகாகக் காய்ந்த வேப்பிலை. அரைகுறையாகக் காய்ந்ததை வைத்தால் பூஞ்சை முதலில் குடி வருவது அதில்தான்!