கலர் போனது, உப்பு போகவில்லை

கறுப்பு டி-ஷர்ட் ஒன்று சுமார் 150 கிராம் இருக்கும். அந்தத் துணிக்குச் சாயம் ஏற்ற ஏறக்குறைய 60 கிராம் உப்பு போட்டிருப்பார்கள். அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. அலசும்போது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூரில் சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். எனக்கு அன்றாட மல்லுக்கட்டு இந்த உப்போடுதான்.

இவ்வளவு உப்பு எதற்கு? பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் நெகடிவ் மின்னேற்றம் பெறும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் ஓடும் ரியாக்டிவ் சாயமும் நெகடிவ்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் சோடியம் இடையில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தைத் துணிப் பக்கம் ஒதுக்கிவிடும். பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் நூலோடு கெட்டியாகப் பிணைந்துகொள்ளும். உப்புக்கு அதற்கு மேல் வேலையில்லை. வெளிர் நிறமென்றால் லிட்டருக்கு 20 கிராம் போதும். கறுப்பு, நேவி ப்ளூவுக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும்.

1990களின் பிற்பகுதியில் இங்கே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலப்பதுதான் முறை. கலர் ஸ்லட்ஜாக அடியில் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும். அதை ஆற்றில் விடுவார்கள். பார்த்தவர்களுக்குத் திருப்தி. ஆனால் கரைந்திருந்த உப்பு அப்படியே போனது. போதாததற்கு, சுத்தம் செய்யக் கலந்த மருந்தும் தன் பங்குக்கு உப்பைக் கூட்டியது.

ஒருமுறை ஆற்றோரத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். "தண்ணி நல்லாத் தெளிவாத்தானுங்க இருக்குது, தென்னை மட்டும் ஏனுங் காயுது?" மீட்டரை முக்கினேன். கரைந்திருப்பது லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. "உப்புங்கய்யா" என்றேன். மண்ணில் உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளேயே இறங்காது.

எங்கள் ஊர் ஆறான நொய்யலின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில வருடங்களிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. அணையைத் திறந்துவிடச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே திறக்கவே கூடாது என்று போராடினார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. பனியன் தொழிலே ஆடிப்போனது. அந்த அடி விழாமல் எதுவும் மாறியிருக்காது என்பது என் எண்ணம்.

இப்போதைய முறை வேறு. முதலில் பாக்டீரியா வளர்த்த தொட்டிகளில் கழிவு செரிமானமாகும். பிறகு வடிகட்டிகள், அதன்பின் ஆர்.ஓ. பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைகளுக்கே திரும்பிப் போகும். மிஞ்சுகிற ரிஜெக்ட் தண்ணீர் கடல்நீரைவிடக் கரிக்கும். அதை எவாப்பரேட்டரில் ஏற்றுவோம். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைப்போம். ஒரு கலத்தின் ஆவி அடுத்த கலத்தைச் சூடாக்கும்.

இதில் நான் இன்றும் நின்று பார்க்கிற இடம் கிரிஸ்டலைசர். 32 டிகிரி சூட்டில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 50 கிராம் சோடியம் சல்பேட் கரையும். அதையே 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 10 கிராம்கூட நிற்காது. மிச்சமெல்லாம் கற்கண்டு மாதிரி பளபளவென்று படிந்துவிடும். அதுதான் கிளாபர் சால்ட். அதை மறுபடியும் சாயத்தொட்டியில் போடலாம். சாதா உப்புக்கு இந்தக் குணம் கிடையாது. சூடானாலும் குளிர்ந்தாலும் ஏறக்குறைய 36 கிராம் கரைந்தே நிற்கும். அதனால்தான் பட்டறைக்காரர்களிடம் சாதா உப்பை விட்டு சல்பேட்டுக்கு மாறச் சொன்னோம்.

எல்லாம் முடிந்த பிறகும் கடைசியில் பழுப்பாக ஒன்று மிஞ்சும். மிக்ஸட் சால்ட் என்போம். குளோரைடு, சல்பேட், கொஞ்சம் சாயக்கசடு எல்லாம் கலந்தது. சாயத்துக்கும் ஆகாது, நிலத்தில் கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி, மழை படாமல் ஷெட்டில் அடுக்குகிறோம். இவ்வளவுக்கும் பாய்லருக்கு விறகு எரிக்க வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற மரத்தை எரிக்கிறோமே என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

வருடாவருடம் இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வருகிறார்கள். ஒருவர் வாழைத்தோல், ஒருவர் தேங்காய்த்தொட்டிக் கரி, இன்னொருவர் வேப்பிலைப் பொடி. எல்லாருமே கலரை எடுக்கத்தான் வருகிறார்கள். முன்பும் பின்பும் எடுத்த போட்டோ அழகாக இருக்கும், மார்க்கும் கிடைக்கும். தம்பி, தங்கச்சிகளே, கலரை எடுக்க எங்களுக்குத் தெரியும். மிக்ஸட் சால்டைப் பிரிக்க மலிவான வழி தேடுங்கள். இல்லையென்றால் பருத்தியின் மேற்பரப்பையே பாசிடிவாக மாற்றி, உப்பே போடாமல் சாயமேற்றும் முறை ஆராய்ச்சியில் இருக்கிறதே, அதைப் பட்டறைக்குக் கட்டுப்படியாகிற விலைக்குக் கொண்டுவாருங்கள். சாம்பிளுக்கு எத்தனை மூட்டை வேண்டுமானாலும் தருகிறோம்.