கணினி நின்றபின் கோப்புகளை மீட்கும் வழி

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் கினிகத்தேனையில் மழைக்கு ஓய்வில்லை. மின்சாரத்துக்கோ ஓய்வு மிகுதி. அத்தகைய ஓரிரவில், எமது கணினி தன் பணிசெயல் முறைமையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் தடைப்பட்டது. மறுநாட் காலை இயக்கியபோது நீலத்திரையொன்று தோன்றியதேயன்றி வேறொன்றும் தோன்றவில்லை. எம் பெற்றோரின் பிறப்பத்தாட்சி, பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளும், இம்மலருக்கென யாம் திரட்டிய பழைய மாணவர் நிழற்படங்களும் அதனுள்ளேயே இருந்தன. மூலப்பத்திரங்களுட் சில முன்னரே கறையானுக்கு இரையானவை.

மலையகத்தார்க்குப் பத்திரம் வெறுங் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம் முன்னோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுட் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர்க்கு உரிமை வழங்க வழிசெய்தது. ஆதலின், யாம் கற்ற பாடத்தைப் பழைய மாணவ நண்பர்க்கு எடுத்துரைத்தல் எம் கடனாகும்.

முதற்கண் அறியவேண்டியது, பணிசெயல் முறைமை வேறு, கோப்புகள் வேறு என்பதே. கணக்கப்பிள்ளை நோயுற்றுப் படுத்தால் பிரட்டுக்களத்தில் வேலை தடுமாறும். ஆயினும் செக்ரோல் அலுமாரியிற் பத்திரமாகவே இருக்கும். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பழுதுற்ற புதுப்பிப்பொன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. பழுதான அக்கோப்பை அகற்றியதும் அவை மீண்டும் இயங்கின. உள்ளிருந்த ஆவணங்கள் அழிந்தில.

யாம் அணுகிய கடைக்காரரோ, வன்தட்டை 'ஃபோர்மட்' செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவுக என்றார். மெய்யான ஆபத்து இங்கேதான் உளது. இடாப்பில் ஒரு குடும்பத்தின் பெயரை வெட்டிவிட்டால் லயக்காம்பரா உடனே இடிந்துவிடாது. வேறு குடும்பம் குடிபுகும்போதே பழைய சுவடு மறையும். கோப்பை அழித்தலும் அத்தகையதே. அட்டவணையிலிருந்து பெயர் நீங்கும். தரவு சிலகாலம் தங்கும். அதன்மீது புதியது எழுதப்பட்டால் மீட்சியில்லை. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளோ அழித்த இடத்தை விரைவில் தாமே துடைத்துவிடும்.

ஆகவே, முதலிற் கோப்புகளை வெளியே எடுத்தல் வேண்டும், பழுதுபார்த்தல் பின்னரே. வேறொரு கணினியின் துணைகொண்டு உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையைப் பென்டிரைவொன்றில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடக்குக. நிறுவாது, 'முயன்று பார்த்தல்' என்பதை மட்டுமே தெரிவுசெய்க. வன்தட்டைத் திறந்து, 'யூசர்ஸ்' என்னும் உறையிலுள்ள நும் கோப்புகளைப் புறத்தட்டொன்றிற் படியெடுக்க. அன்றேல், தட்டைக் கழற்றி யு.எஸ்.பி. உறையிலிட்டு வேறு கணினியுடன் இணைக்கலாம். தட்டு பிட்லாக்கரினாற் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவை. அது பெரும்பாலும் நும் மைக்ரோசொஃப்ட் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும்.

தவறுதலாக அழித்தோர்க்கு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவச மென்பொருள்கள் உதவும். மீட்டவற்றை வேறு தட்டிலேயே சேர்க்கவேண்டும். தட்டிலிருந்து 'டக் டக்' என்னும் ஓசை எழுமாயின், உடனே நிறுத்தி வல்லுநரை நாடுக. அது பொறியின் பழுது, மென்பொருளால் தீராது.

எம் பெற்றோரின் பத்திரங்களும் நிழற்படங்களும் இவ்வாறே மீண்டன. அன்றிரவு யாம் எழுதிக்கொண்டிருந்த, முதிய ஆசிரியரொருவரின் நினைவுரை மட்டும் மீளவில்லை. அதனைச் சேமிக்க மறந்திருந்தோம். அவரும் இன்று நம்மிடை இல்லர்.

மீட்டலினும் காத்தல் எளிது. 2023ஆம் ஆண்டு இலங்கை அரச மேகக்கணினி கப்பங்கோரும் மென்பொருளாற் தாக்குண்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தொழிந்தன. அக்காலத்துக்குக் காப்புப்படி இல்லாமையே காரணம். அரசுக்கே இந்நிலையெனின் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது வல்லுநர் விதி. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட நமக்கு, 'வெளியே' என்னுஞ் சொல்லின் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

நண்பர்காள்! இம்மலரை மூடிவைத்ததும் நும் குடும்பப் பத்திரங்களை ஒருமுறை படியெடுத்து, தொலைவில் வாழும் உடன்பிறந்தார் ஒருவரிடம் ஒப்படைப்பீராக.