காவலர் தேர்வு: பொது அறிவுக்கு எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

போலீஸ் வேலை என்றதும் விடியற்காலை ஓட்டப் பயிற்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கல்வராயன் மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் பெரிய விஷயமே இல்லை. ஆனால், முதலில் தாண்ட வேண்டியது எழுத்துத் தேர்வு.

மார்க் எங்கே இருக்கு?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், தமிழ்த் தகுதித் தாளில் 80-க்கு 32 எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். அந்த முதன்மைத் தாளில் 70 மதிப்பெண். அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். உடல்திறன் போட்டிகளுக்கு மொத்தமே 24தான்.

எப்படிப் படிப்பது?

கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம்தான். 6 முதல் 10 வரையிலான பள்ளிப் புத்தகங்களே அடிப்படை. துண்டு துண்டாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். சொந்த ஊரோடு சேர்த்துப் படித்தால் நிற்கும்.

*புவியியல்:* கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இங்கே பிறக்கும் கோமுகி ஆறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

*அரசியலமைப்பு:* இங்கு வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அந்தப் பட்டியலை அறிவிப்பவர் யார்? குடியரசுத் தலைவர், பிரிவு 342-ன்படி.

*முக்கிய நாள்கள்:* விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கியது 2019 நவம்பர் 26. அரசியலமைப்பு ஏற்கப்பட்டதும் ஒரு நவம்பர் 26-ல்தான், 1949-ல். ஒரே தேதி, இரண்டு விடை!

மலையில் சிக்னல் கிடைக்கவில்லையா? கள்ளக்குறிச்சிக்கு வரும்போது பாடநூல் பிடிஎஃப்களையும் பழைய வினாத்தாள்களையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். காலையில் ஓட்டம், மாலையில் ஒரு பாடம். இரண்டும் சேர்ந்தால்தான் காக்கிச் சட்டை.