நின்ற கடிகாரம் பழுதான கடிகாரம் அல்ல

விளாத்திகுளம் வட்டாரத்தில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது, சாவி கொடுத்து ஓட்டும் சுவர்க் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கதிகளே வாய்ப்பதைப் பார்த்துவருகிறேன். ஒன்று, பித்தளையின் எடைக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இல்லையெனில், உள்ளிருக்கும் இயந்திரம் கழற்றி வீசப்பட்டு, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் பொருத்தப்படுகிறது. ‘ஓடவில்லை’ என்பதே இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் ஜெர்மானியக் கடிகாரத்தைப் பராமரித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: ஓடவில்லை என்பதற்காகவே ஒரு கடிகாரம் பழுதாகிவிட்டது என்று பொருளாகாது. அது அழுக்கடைந்திருக்கலாம், சற்றே சாய்ந்து தொங்கலாம்.

இந்தக் கடிகாரங்களின் இயக்கம் எளிமையானது. சாவி கொடுக்கும்போது எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசை பல்சக்கரங்கள் வழியே கடைசிச் சக்கரத்தை அடைகிறது. அங்கே நங்கூர வடிவிலான ஒரு கொக்கி, பெண்டுலத்தின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கிறது. நாம் கேட்கும் ‘டிக்-டக்’ அதன் ஒலிதான். 1656-இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பொருத்திய நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

எனவே, நின்ற கடிகாரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது ஒலியை. ‘டிக்’குக்கும் ‘டக்’குக்கும் இடைவெளி சமமாக இல்லாமல் நொண்டினால், கடிகாரம் சாய்ந்திருக்கிறது. பெட்டியின் அடிப்பகுதியை இடமோ வலமோ மெல்ல நகர்த்தி, இடைவெளி சமமாகும் இடத்தில் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். அடுத்தது அழுக்கு. ஆடிக் காற்றில் பறக்கும் கரிசல் புழுதி, பழைய எண்ணெயுடன் கலந்து பசையாகிவிடுகிறது. அதைத் துடைத்தெடுத்த பிறகு, அச்சுமுனைகள் சுழலும் துளைகளில் மட்டும் கடிகார எண்ணெய் ஒரு துளி இட வேண்டும். பற்களில் எண்ணெய் இட்டால் மேலும் புழுதிதான் சேரும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. அது நாளடைவில் பிசுக்காகும்.

ஓடத் தொடங்கிய கடிகாரம் நேரம் தவறுவதற்கு, நம் மண்ணும் ஒரு காரணமாகலாம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சற்றுக் குறைகிறது. பெண்டுலம் மெதுவாக ஆடுகிறது. பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்ற வானியலாளர் ழான் ரிஷே, தம் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதை 1672-இல் கண்டறிந்தார். புவி முழுக்கோளம் அல்ல என்ற முடிவுக்கு நியூட்டன் இதையும் சான்றாகக் கொண்டார். யுங்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இயங்கிய ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் துல்லியமாகச் சரிசெய்யப்பட்ட ஒரு கடிகாரம், எதையும் மாற்றாமல் விளாத்திகுளத்தில் மாட்டப்பட்டால் நாளுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் பின்தங்கும். 25 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் இதைச் சரிசெய்ய, குண்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால் போதும். குண்டின் கீழுள்ள திருகு இதற்காகவே இருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. மணியடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. சுருள்வில் இறுகியிருக்கும்போது நங்கூரக் கொக்கியைக் கழற்றினால், சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் சுழன்று பற்கள் உடையும், விரலும் தப்பாது. அச்சுமுனை தேய்த்து நீள்வட்டமாக்கிய துளைகளுக்குப் புதுப் புஷ் அடிப்பதும் கைதேர்ந்தவரின் வேலை.

கவலை இங்கேதான். அந்தக் கைதேர்ந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்த எச்எம்டியின் கடிகாரப் பிரிவையே மூடுவதற்கு, மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் அளித்துவிட்டது. மறுபுறம், நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கைபேசிகளுக்கும் வாகனங்களுக்கும் உற்பத்தியாளர்களிடம் நாம் இன்று கேட்கும் அந்த உரிமையை, பழைய சுவர்க் கடிகாரம் எவரும் கேட்காமலே தந்திருக்கிறது: நான்கு திருகுகளைக் கழற்றினால் அதன் இயக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

உரிமை மட்டும் இருந்து, அதைச் செயல்படுத்தும் கைகள் இல்லாவிட்டால் பயனில்லை. ஐடிஐக்களில் மூத்த கடிகாரப் பழுதுநீக்குநர்களைக் கொண்டு குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். அதுவரை நம்மால் ஆனது ஒன்றுண்டு: இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன், கடிகாரத்தை நேராக மாட்டி, ஒருமுறை அதன் ஒலியைக் கேட்டுப் பார்ப்பது.