சோறு மட்டும் அன்பாகுமா?



நோயாளிகளைச் சந்திக்கப் போயிருந்த ஒரு மாலையில், மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்து அம்பாசமுத்திரம் பக்கம் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனேன். நாற்பது ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. கணவர் இறந்துவிட்டார். மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். வீட்டில் துணைக்கு இருப்பது மணி என்ற நாட்டு நாய் மட்டுமே.

மணியை மலையில் இருந்தபோதே எனக்குத் தெரியும். லைன் வீடுகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே அம்புபோல் பாயும் நாய் அது. இப்போது வாசலில் சங்கிலியில் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றது. இரண்டாம் முறைதான் எழ முடிந்தது. நான்கு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. இடுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"பாட்டி, இப்படிப் போட்டுப் போட்டு நாயைக் கெடுத்துவிட்டீர்களே! சோற்றைக் குறையுங்கள்" என்றேன்.

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பட்டினி போடச் சொல்லுதீயளா சாமி? அது மலையை விட்டுட்டு வந்திருக்கு. ஓடுன எடம் எல்லாம் போச்சு. என்னால சோத்தையாவது நெறையப் போட முடியுதே!"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று நான் எடுத்துச் சென்ற பிஸ்கட் பொட்டலத்திலிருந்து நானும் நான்கு பிஸ்கட்டுகளை மணிக்குப் போட்டுவிட்டுத்தான் அந்த அறிவுரையைச் சொன்னேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் தேடியதில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மலையில் மெலிந்து, சமவெளியில் பெருத்து

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய எஸ்டேட்டுகளின் வரலாறு நம் பகுதியினர் அறிந்ததே. 1929ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து சுமார் 8,374 ஏக்கர் நிலத்தைப் பாம்பே பர்மா டிரேடிங் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அங்கே வாழ்ந்தனர். 1999ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று, அவர்களுடைய உரிமைக்காக நெல்லையில் நடந்த பேரணியில் 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. குத்தகை 2028இல் முடிவதாக இருக்க, 2024இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு மலை இறங்கின. சிலரோடு அவர்களின் நாய்களும் இறங்கின.

மனிதருக்கு மாறிய வாழ்க்கை நாய்க்கும் மாறியது. மலையில் மணிக்கு ஒரு வேளைச் சோறு. நாள் முழுவதும் ஏற்ற இறக்கத்தில் ஓட்டம். உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சக்தி செலவாகும் குளிர். சமவெளியில் மூன்று வேளைச் சோறு, சங்கிலி, வெயில். வரவு கூடிச் செலவு குறைந்தால் மீதி சேரத்தானே செய்யும்? உடலில் அந்தச் சேமிப்பின் பெயர்தான் கொழுப்பு.

பத்து பிஸ்கட்டின் கணக்கு

மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். எடை 26 கிலோ. அதன் உடல்வாகுக்கு 18 கிலோ போதும் என்றார் மருத்துவர். இருக்க வேண்டிய எடையைவிட 20 விழுக்காடு கூடினாலே அது உடற்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மணிக்கோ 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தது.

அவர் சொன்ன ஒரு கணக்கு என்னைச் சிந்திக்க வைத்தது. 18 கிலோ எடையுள்ள நாய் ஓய்வாக இருக்கையில் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 600 கலோரி. டீக்கடையில் வாங்கும் சிறிய குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் 20 முதல் 25 கலோரி வரை இருக்கும். பத்து பிஸ்கட் என்றால் 200 கலோரிக்கு மேல். நமக்கு அது ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கு. நாய்க்கோ மூன்றில் ஒரு பங்கு! பாட்டி இரண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு, பால்காரர் இரண்டு, பங்குச் சாமியார் இரண்டு என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், எவரும் அதிகம் போடாமலேயே நாய் பெருத்துவிடுகிறது. நொறுக்குத் தீனி மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி.

எல்லாப் பருமனுக்கும் சோறே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தைராய்டு சுரப்பிக் குறைவால் எடை கூடும் நாய்கள் உண்டு. கருத்தடை செய்த நாய்களுக்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது. பழைய அளவிலேயே உணவு கொடுத்தால் பெருத்துவிடும். லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனவே உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை. இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருவது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த கொடை.

கூடுதல் சோறு எதைப் பறிக்கிறது?

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக வாழ்நாள் முழுவதும் உணவு கொடுத்தனர். 2002இல் முடிவு வெளியானது. அதிகம் உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டு வாதமும் குறைவாக உண்ட நாய்களுக்குப் பிந்தியே வந்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! நாயின் வாழ்நாளில் அது எவ்வளவு பெரிய பங்கு! நாம் அன்பு என்று எண்ணித் தட்டில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு பிடியும் நம்மோடு அது இருக்கும் நாளைக் குறைக்கிறது.

நம் ஊர் வெயிலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கொழுப்பு கூடினால் சூடு வெளியேறுவதும் கடினம், மூச்சிரைப்பதும் கடினம். மாஞ்சோலைக் குளிரில் பிறந்த நாய் சித்திரை வெயிலில் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

நட்புக்கு எத்தனை வயது?

"ஒரு நாய்க்காக இவ்வளவு பேச்சா, ஃபாதர்?" என்று சிலர் கேட்கலாம். நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தொல்லியல் அறிஞர்கள் கூறுகின்றனர். ஆடு மாடுகளுக்கும் முன்பே நம் வீட்டுக்கு வந்த விலங்கு அது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கள்வரோடு போரிட்டு இறந்த வீரனோடு, அவர்களைக் கடித்துப் போரிட்ட கோவிவன் என்ற நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் தந்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த இனம் நம் இனம்!

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவும் வியப்பானது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு கூடுகிறது. தாயும் பச்சிளங்குழந்தையும் பார்த்துக்கொள்ளும்போது சுரப்பதும் அதுவே. மணியைப் பார்த்தபடி பாட்டி வாசலில் உட்கார்ந்திருப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஊரையும் தொழிலையும் அயலாரையும் ஒரே சமயத்தில் இழந்த அவருக்கு, பழைய வாழ்க்கையை அறிந்த உயிர் ஒன்று அருகில் இருக்கிறது.

நம் நம்பிக்கை மரபிலும் நாய்க்கு இடமுண்டு. தோபித்து நூலில் இளைஞர் தோபியா வானதூதரோடு பயணம் போகையில் வீட்டு நாயும் கூடவே போகிறது. புனித ஆரோக்கியநாதரின் திருவுருவத்தைப் பார்த்திருப்பீர்கள். கொள்ளைநோய் கண்டு காட்டில் தனித்துக் கிடந்தவருக்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததாக மரபு கூறுகிறது. அந்த நாய் தேவைக்கு ஏற்ற அளவே கொண்டு வந்தது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்!

அதே வேளையில் அளவையும் திரு அவை கற்பிக்கிறது. விலங்குகளை அன்பு செய்யலாம். அவற்றைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது. ஆனால் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடக்கூடாது என்கிறது கத்தோலிக்கத் திரு அவையின் மறைக்கல்வி. இது பாட்டிக்கான எச்சரிக்கை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது நமக்கானது என்று. மலை இறங்கி வந்தவரிடம் பேச மனிதர்கள் வந்திருந்தால், அவருடைய அன்பு முழுவதும் ஒரு சோற்றுத் தட்டில் போய்ச் சேர்ந்திருக்குமா?

நாம் செய்யக்கூடியவை

மருத்துவரும் பாட்டியும் நானும் சேர்ந்து கடைப்பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

1. தொட்டுப் பாருங்கள். விலா எலும்புகள் கையால் தடவும்போது எளிதாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எடை கூடிவிட்டது.

2. ஒரே கை, ஒரே கிண்ணம். உணவு போடுபவர் ஒருவராக இருக்கட்டும். அளவைக் கிண்ணத்தால் அளந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

3. வெள்ளைச் சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்க்கலாம். முட்டையோ கோழிக்கறியோ மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

4. பட்டினி வேண்டாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு குறைந்தால் போதும். மணிக்கு அது கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ.

5. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நடத்திச் செல்லுங்கள். வெயிலேறிய தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

6. நாய் உங்களைப் பார்த்தால் உடனே பிஸ்கட்டைத் தேடாதீர்கள். பல நேரம் அது கேட்பது உங்களைத்தான். தடவிக் கொடுங்கள், பேசுங்கள்.

இடம் மாறும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாயைக் காட்டோரத்தில் விட்டுவிட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் அது சிறுத்தைக்கு இரையாகும்; அல்லது தன் நோயைக் காட்டு விலங்குகளுக்குப் பரப்பும். வளர்த்த விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கொண்டுவர முடியாத நிலை என்றால், தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

மாலை நடை

பாட்டியின் கேள்விக்கு வருவோம். குறைப்பது பட்டினி போடுவதா? பசியை அறிந்த ஒருவருக்குத் தட்டைக் குறைப்பது எளிதல்ல. "நெறைஞ்ச தட்டுதான் சாமி மரியாத" என்றார் அவர் ஒருமுறை. அந்த மனத்தைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மணி இழந்தது சோற்றை அல்ல, ஓட்டத்தை. இழந்ததைத் திருப்பித் தருவதுதானே ஆறுதல்? இழக்காத ஒன்றை அள்ளிக் கொட்டினால் அந்தக் காயம் ஆறுமா? இதைச் சொன்னபோது பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நடக்கக் கூட்டிட்டுப் போணும். எனக்கு முட்டு வலி. யாரு போவா?" என்றார்.

அன்பியத்தில் இதைச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகள் இருவர் முன்வந்தார்கள். மாலை தோறும் மணியைக் கால்வாய்க்கரை வரை அழைத்துச் செல்கிறார்கள். திரும்பி வந்ததும் பாட்டியோடு அரைமணி நேரம் உட்கார்ந்து மாஞ்சோலைக் கதை கேட்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்ன மருத்துவருக்குப் பயந்து, சில நாள் நானும் போகிறேன்.

எட்டு மாதங்களில் மணி 21 கிலோவுக்கு வந்திருக்கிறது. இன்னும் மூன்று கிலோ குறைய வேண்டும். இப்போது என்னைக் கண்டால் முதல் முறையிலேயே எழுந்துவிடுகிறது. சங்கிலியை அவிழ்க்கும் சத்தம் கேட்டால் வாலும் உடம்பும் சேர்ந்து ஆடுகின்றன.

நம் தெருவிலும் மலையை, கடலை, ஊரை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருள் கொடுத்துவிட்டு நாம் திரும்பி வந்துவிடுகிறோம். கூட நடக்க அரைமணி நேரம் நம்மிடம் உண்டா? இந்த வாரம் ஒரு வீட்டின் கதவையாவது தட்டுவோம். அங்கே ஒரு நாய் இருந்தால், பிஸ்கட் இல்லாமலே போவோம்.