கொப்புளத்தின் அடியில் ஒரு பச்சை வெளிச்சம்

சின்னம்மையைப் பார்த்தாலே தெரியுமே, அதற்குச் சாயமும் நுண்ணோக்கியும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தெரியும்தான். ஆனால் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு வரும் சின்னம்மை, கொப்புளமே வைக்காமல் சில சிவப்புத் தடிப்புகளோடு நின்றுவிடலாம். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் உடம்பில் ஹெர்பீஸ் பரவினால் அதுவும் சின்னம்மை போலவே தெரியும். உலகில் கடைசியாகப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய சோமாலியாவின் அலி மாவ் மாலினுக்கே, 1977இல் முதலில் மலேரியா, பிறகு சின்னம்மை என்றுதான் சொன்னார்கள். கண்ணை மட்டும் நம்ப முடியாது.

சாதாரணச் சாயமும் போதாது. கொப்புளத்தின் அடியைச் சுரண்டிச் சாயமேற்றினால் பல உட்கருக்கள் கொண்ட பூத செல்கள் தெரியும். ஆனால் ஹெர்பீஸிலும் அதே செல்கள்தான். இங்கேதான் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் 1940களில் செய்த வேலை உதவுகிறது. தன் இலக்குக் கிருமியை மட்டுமே தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு, மேயப் போகும் மாட்டுக்கு மணி கட்டுவதுபோல, ஒளிரும் சாயத்தை அவர் பிணைத்தார். நீல ஒளி பட்டதும் ஃப்ளோரசீன் என்ற அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். கூடவே இவான்ஸ் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்தால், பெயர்தான் நீலம், தொற்றாத செல்கள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்புக்கு நடுவே பச்சை தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. 1954இல் தாமஸ் வெல்லரும் கூன்ஸும் இதே உத்தியால் தாத்தாவின் அக்கியும் பேரனின் சின்னம்மையும் ஒரே வைரஸின் வேலை என்பதற்கு வலுவான சான்று தந்தார்கள்.

பி.சி.ஆர். சோதனை வந்தபின் இது பழங்கதை என்பார்கள். பி.சி.ஆர். நுட்பமானது, உதிர்ந்த பொருக்கிலிருந்துகூட வைரஸைக் கண்டுபிடிக்கும், உண்மை. ஆனால் அந்த இயந்திரமும் ஒளிர்சாயத்தைக் கொண்டுதான் விடை சொல்கிறது. அதில் பரவலாகப் பயன்படும் ஃபாம் என்ற சாயம் ஃப்ளோரசீனின் வழித்தோன்றலே. தவிர, நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு மாதிரியில் செல்கள் இருக்கின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும். ஊசியால் கொப்புள நீரை மட்டும் உறிஞ்சி அனுப்பினால் செல்கள் போதுமான அளவு வராது, எவ்வளவு நல்ல சாயமானாலும் பயனில்லை. சுரண்டினால் வலிக்குமே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அரைகுறை மாதிரி வீண் வேலை.

நம் பக்கத்தில் அம்மை கண்டால் வீட்டோடு வைத்து வேப்பிலை கட்டுவோம். பிறரோடு கலக்காமல் இருப்பது நல்லதே. ஆனால் அசைக்ளோவிர் மருந்து, தடிப்பு தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணி, பச்சிளங்குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாருக்காவது தடிப்பு கண்டால், தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.