பிக்கப் வண்டிகளில் நான்கு சக்கர ஓட்டம்: கையால் பூட்டுவதும் தானே பூட்டிக்கொள்வதும்

மழைக் காலத்தில் எருவையும் விதையையும் நிலத்துக்குக் கொண்டுபோவதும், அறுவடையான தானியத்தை வயலிலிருந்து சாலைக்குச் சேர்ப்பதும் நிலமுடையோருக்கு நேரும் பெருஞ் சிரமங்களாம். ஏரிக் கரையில் உடைப்புக் கண்டால் மணல் மூட்டைகளோடு விரைந்து செல்லவேண்டிய கிராம அதிகாரிகளுக்கும் இச்சிரமம் உண்டு. இதன் பொருட்டு நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய பிக்கப் வண்டியைப் பலர் நாடுகின்றனர். இவ்வண்டிகளில் இருவித அமைப்புகள் உள. ஒன்று, ஓட்டுபவர் வேண்டியபோது பூட்டி, வேண்டாதபோது விடுவிப்பது. மற்றொன்று, சக்கரம் வழுக்குவதை அறிந்து தானே பூட்டிக்கொள்வது. இவற்றுள் விலையுயர்ந்ததே மேலானது என்று கொள்வது தவறு. வண்டி எத்தகைய தரையில் மிகுதியாக ஓடுகிறது என்பதைக் கொண்டே தெரிவு செய்தல் வேண்டும்.

பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பதன் குறை

பிக்கப் வண்டியில் எஞ்சினும் மனிதர் அமரும் கூண்டும் முன்புறம் இருக்கின்றன. ஆகையால் பாரம் ஏற்றாத வண்டியில் பின் சக்கரங்களின்மேல் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்த சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலும். மூட்டை ஏற்றிய வண்டி எளிதில் கடந்த வழியில், அதே வண்டி வெறுமையாய்த் திரும்பும்போது சிக்கிக்கொள்வது இதனாலேயே. முன் சக்கரங்களுக்கும் விசை சென்றால் வண்டியின் முழு எடையும் இழுப்புக்கு உதவுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவத்துக்குச் செய்யப்பட்ட வண்டிகளே இதற்கு வழிகாட்டின. அவற்றைத் தழுவி அமெரிக்காவில் டாட்ஜ் நிறுவனம் 1946 ஆம் வருஷத்தில் ‘பவர் வேகன்’ என்னும் நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியைப் பொது ஜனங்களுக்கு விற்கத் தொடங்கிற்று. அதில் அமைந்தது கையால் பூட்டும் முறையே.

கையால் பூட்டும் அமைப்பு

கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ‘டிரான்ஸ்பர் கேஸ்’ எனப்படும் பகிர்வுப் பெட்டி ஒன்று உளது. சாதாரணமாக இது பின் அச்சுக்கு மட்டும் விசையை அனுப்பும். இந்நிலையை 2எச் என்பர். நெம்புகோலையோ குமிழையோ 4எச் என்னும் நிலைக்கு மாற்றினால் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுச் சம வேகத்தில் சுழலும். 4எல் என்னும் தாழ் நிலையில் வேகம் குறைந்து, பல வண்டிகளில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இழுப்பு வலிமை மிகும். இந்தியாவில் 2016 முதல் விற்கப்பட்ட இசுசு வி-கிராஸ் வண்டியின் நான்கு சக்கர வகைகளும், 2022 இல் இந்நாட்டுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

பூட்டு கெட்டியானது, அதில் நழுவுவதற்கு இடமில்லை. எவ்வளவு நேரம் சேற்றில் உழன்றாலும் இரு அச்சுகளும் பிரியமாட்டா. இதுவே இதன் சிறப்பு. கெட்டியான தரையில் இதுவே கேடாகவும் முடிகிறது.

வளைவில் நேரும் நெருக்கடி

களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடித்த காலத்தைக் கண்டவர்கள், உட்புற மாடு குறுகிய அடி வைப்பதையும் வெளிப்புற மாடு நீண்ட அடி வைத்து விரைவதையும் அறிவர். இரண்டும் ஒரே நடை நடக்கவேண்டுமென்று கட்டாயப்படுத்தினால் கயிறே நெரியும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்களே வெளிப்புற மாட்டைப்போல் நெடிய வழியில் செல்கின்றன.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளியுள்ள வண்டி ஒன்று, அதன் பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லுமாறு அரை வட்டம் திரும்புவதாகக் கொள்வோம். பின் அச்சு சுமார் 18.8 மீட்டர் தூரம் செல்லும். முன் அச்சு சுமார் 21 மீட்டர் செல்லும். 2.4 மீட்டர் சுற்றளவுள்ள டயருக்கு இவ்வித்தியாசம் ஒரு சுற்றுக்குச் சற்றே குறைவு. அச்சிலுள்ள பல்சக்கரங்கள் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பின், முன் தண்டு பின் தண்டைவிட மூன்று சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுழலவேண்டும். பூட்டோ இதற்கு இடங்கொடாது.

சேற்றிலும் மணலிலும் டயர் சிறிது வழுக்கி இந்நெருக்கடியைத் தீர்த்துவிடும். உலர்ந்த தார்ச் சாலையில் அவ்விதம் வழுக்காது. ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிரேக் பிடித்ததுபோல் தயங்கும், டயர்கள் தேயும், பகிர்வுப் பெட்டியின் சங்கிலியும் பல்சக்கரங்களும் முறுக்கத்தைத் தாங்கி நாளடைவில் பழுதுறும். டிராக்டரின் டிபரென்ஷியல் பூட்டைத் திரும்புமுன் விடுவிக்கவேண்டும் என்பதை அறிந்த விவசாயிக்கு இது புதிதன்று.

தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு

இவ்வமைப்பில் பகிர்வுப் பெட்டிக்குள் பல மெல்லிய தட்டுகள் அடுக்கிய கிளட்ச் ஒன்று உளது. சக்கரங்களின் வேகத்தை அளக்கும் கருவிகள், பின் சக்கரம் வழுக்குவதை உணர்ந்த மாத்திரத்தில் தட்டுகளை நெருக்கி முன் அச்சுக்கு வேண்டிய அளவு விசையை அனுப்பச் செய்கின்றன. தரை உலர்ந்திருந்தால் தட்டுகள் தளர்ந்து, முன் தண்டும் பின் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கின்றன. ஆகவே தார்ச் சாலையிலும் இந்நிலையை விடுவிக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் ஷெவ்ரலே சில்வராடோ வண்டியின் 1999 ஆம் வருஷ மாதிரியில் இது கிடைத்தது. 2022 இல் வெளிவந்த போர்டு ரேஞ்சர் வண்டியின் சில வகைகளில் 4ஏ என்ற நிலை இதற்கென உளது.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஆழ்ந்த சேற்றில் நெடுநேரம் உழன்றால் தட்டுகள் உரசிச் சூடேறும். சூடு மிகுந்தால் கிளட்சைக் காக்கும்பொருட்டு யந்திரமே முன் அச்சுக்குச் செல்லும் விசையைக் குறைத்துவிடக்கூடும். உதவி மிகவும் வேண்டிய தருணத்திலேயே அது நீங்கக்கூடும். இதனாலேயே இத்தகைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் கெட்டியாகப் பூட்டும் 4எச், 4எல் நிலைகளும் உடன் வைக்கப்பட்டுள்ளன. வாங்குபவர் இதை விசாரித்தறிதல் அவசியம்.

எப்பொழுதும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வேறொரு வகையும் உண்டு. 2010 இல் வெளிவந்த வோக்ஸ்வேகன் அமராக் வண்டியின் ஒரு வகை இதற்கு உதாரணம். இதில் இரு அச்சுகளுக்கும் நடுவே ஒரு டிபரென்ஷியல் இருப்பதால் வளைவில் நெருக்கடி நேர்வதில்லை. இதனை முற்கூறிய இரண்டோடும் சேர்த்து எண்ணி மயங்கலாகாது.

யாருக்கு எது ஏற்றது

பெரும்பாலும் உலர்ந்த சாலையில் ஓடி, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நஞ்சைச் சேற்றிலோ நனைந்த கரிசல் மண்ணிலோ இறங்கும் வண்டிக்குக் கையால் பூட்டும் அமைப்பே போதும். பாகங்கள் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. தார்ச் சாலையும், ஈரமும், சரளையும் நாழிகைக்கு நாழிகை மாறிவரும் மலை வழிகளில் ஓடும் வண்டிக்கும், ஓட்டுபவர் பலர் மாறி மாறி ஏறும் வண்டிக்கும் தானே இயங்கும் அமைப்பு நல்லது. நிலையை மாற்ற ஒருவர் மறந்தாலும் யந்திரம் கெடாது.

கவனிக்க வேண்டியவை

1. கையால் பூட்டும் வண்டியில், கெட்டியான சாலையை அடைந்தவுடன் 2எச் நிலைக்குத் திரும்பவேண்டும். பூட்டு விடுபடாமல் இறுகியிருந்தால் வண்டியை நேராகச் சிறிது தூரம் பின்னோக்கிச் செலுத்தினால் பெரும்பாலும் விடுபடும்.

2. சேற்றில் இறங்குமுன்பே பூட்டிக்கொள்ளவேண்டும். சக்கரம் வேகமாய்ச் சுழன்றுகொண்டிருக்கையில் பூட்டுவது பல்சக்கரங்களுக்கு ஊறு செய்யும்.

3. நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்வும் உடையனவாய் இருக்கவேண்டும். தானே இயங்கும் அமைப்பில் ஓர் அச்சில் புது டயரும் மற்றதில் தேய்ந்த டயரும் இருந்தால், வேக வித்தியாசத்தால் கிளட்ச் ஓயாது உழைத்துச் சூடேறும்.

4. கையால் பூட்டும் வண்டியில் மாதம் ஒரு முறையேனும் ஈர மண்ணில் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டினால் பாகங்களில் எண்ணெய் பரவும். வேண்டியபோது பூட்டு தவறாது.

5. எவ்வகையாயினும் ஓர் அச்சின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அவ்வச்சின் விசை அச்சக்கரத்திலேயே வீணாகக்கூடும். பின் அச்சில் டிபரென்ஷியல் பூட்டும் உளதா என்று வாங்குமுன் கேட்டறிக.

6. நான்கு சக்கர ஓட்டம் வண்டியைக் கிளப்ப உதவுமேயன்றி, பிரேக் பிடித்து நிறுத்த உதவாது. ஈரச் சாலையில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே காப்பாகும். செங்குத்தான மண் பாதையில் இறங்கும்போது மட்டும் 4எல் நிலையில் எஞ்சினே வண்டியைத் தாங்கிப்பிடித்து மெல்ல இறக்கும்.